அரசிதழில் ஏறாத அறிவிக்கை

2024 ஜூலை 11 நாளிட்ட ஓர் அறிவிக்கையை மத்திய உள்துறை அமைச்சகம் அரசிதழில் வெளியிட்டது. அவசரநிலை பிறப்பிக்கப்பட்ட ஜூன் 25ஆம் நாள் இனி ஆண்டுதோறும் ‘அரசமைப்புச் சட்டப் படுகொலை தினமாக’க் கடைப்பிடிக்கப்படும் என்பது அதன் சாரம். அவசரநிலையின் கொடுமைகள் நினைவுகூரப்பட வேண்டியவையே. அதில் எவருக்கும் மறுப்பிருக்க முடியாது. அந்த இருபத்தொரு மாதங்களில் சிறை சென்றவர்களில் இடதுசாரிகளும் தொழிற்சங்கத்தினரும் ஏராளம். ஆனால் அதே அரசிதழில் வெளிவந்திருக்க வேண்டிய இன்னோர் அறிவிக்கை 1979ஆம் ஆண்டிலிருந்து காத்துக்கிடக்கிறது. அதற்கு நாடாளுமன்ற விவாதமோ வாக்கெடுப்போ இனித் தேவையில்லை. ஒரு நாளைக் குறிப்பிட்டு ஒற்றை வரியில் வெளியிட்டால் போதும். ஜனதா ஆட்சி தொடங்கி இன்றைய மோடி ஆட்சி வரை எந்த மத்திய அரசும் அந்த ஒரு வரியை எழுத முன்வரவில்லை.

அது அரசமைப்புச் சட்டத்தின் 44ஆவது திருத்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை.

அவசரநிலை மீண்டும் தலையெடுக்காதபடி தடுப்பதற்காக ஜனதா ஆட்சியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இது. 1979 ஏப்ரல் 30 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற தெளிவற்ற காரணத்தைக் காட்டி இனி அவசரநிலை கொண்டுவர முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும் என்றது. அவசரநிலைக் காலத்திலும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமையை நீதிமன்றத்தில் கோருவதைத் தடை செய்ய முடியாது என்றது. இவையெல்லாம் நடைமுறைக்கு வந்துவிட்டன. வராமல் நின்றது தடுப்புக் காவலைப் பற்றிய 3ஆவது பிரிவு மட்டுமே.

அந்தப் பிரிவு கேட்பது பெரும் புரட்சியும் அன்று. இன்றுள்ள 22ஆவது சரத்தின்படி ஒருவரை விசாரணையின்றி மூன்று மாதம் வரை அறிவுரைக் கழகத்தின் கருத்தைப் பெறாமலே சிறையில் வைக்கச் சட்டம் இயற்றலாம். திருத்தம் இதை இரண்டு மாதமாகக் குறைக்கிறது. அறிவுரைக் கழகத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி மட்டும் படைத்தவர் எவரும், அதாவது போதிய ஆண்டுகள் தொழில் நடத்திய வழக்கறிஞர் எவரும், உறுப்பினராக அமரலாம். அவரை அரசே தேர்ந்தெடுக்கும். திருத்தத்தின்படி கழகத்தின் தலைவர் பதவியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும். மற்ற உறுப்பினர்களும் உயர் நீதிமன்ற நீதிபதிகளாக, பதவியில் உள்ளவர்களாகவோ ஓய்வு பெற்றவர்களாகவோ, இருக்க வேண்டும். கழகம் அமைவதே அந்த உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான். அறிவுரைக் கழகத்தை அறவே ஒதுக்கிவிட்டு, குறிப்பிட்ட வகையினரை மூன்று மாதத்துக்கும் மேலாகச் சிறையில் வைக்கச் சட்டம் இயற்றும் அதிகாரத்தையும் நாடாளுமன்றத்திடமிருந்து திருத்தம் நீக்குகிறது. தடுப்புக் காவல் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கும். அதன் கடிவாளம் மட்டும் சற்று இறுகும். இவ்வளவையும் தாங்க முடியாமல்தான் 45 ஆண்டுகளுக்கும் மேலாக மத்திய அரசுகள் அந்தப் பிரிவைப் பூட்டி வைத்திருக்கின்றன.

‘தடுப்புக் காவல்’ என்ற சொற்றொடரே ஏமாற்றுவது. காவல் என்றால் தமிழில் காத்தல். தடுப்பு என்றதும் நோய்த் தடுப்பு நினைவுக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்தால் யாருக்கோ நன்மை செய்வதுபோல ஒலிக்கிறது. உள்ளே இருப்பதோ, குற்றம் செய்தார் என்று மெய்ப்பிக்கப்படாத, குற்றம் சாட்டக்கூடப்படாத ஒருவரை, இனிமேல் செய்யக்கூடும் என்ற அதிகாரி ஒருவரின் ‘மனநிறைவின்’ பேரில் அடைத்து வைத்தல். 1818ஆம் ஆண்டின் வங்காள மூன்றாம் ஒழுங்குவிதியாகக் கிழக்கிந்தியக் கம்பெனி விதைத்தது இது. 1919இல் ரௌலட் சட்டமாக வளர்ந்து, நாட்டையே கொந்தளிக்கச் செய்தது. விடுதலை பெற்ற நாடு அதை வேரோடு பிடுங்கி எறியும் என்றே மக்கள் நம்பினார்கள்.

அரசியல் நிர்ணய சபை அப்படிச் செய்யவில்லை. 1947 ஏப்ரலிலேயே, சபையில் இருந்த ஒரே கம்யூனிஸ்ட் உறுப்பினரான சோம்நாத் லாகிரி, அடிப்படை உரிமைகள் பலவும் ஒரு போலீஸ்காரரின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டிருப்பதாகக் குற்றம் சாட்டினார். உரிமையைக் கொடுக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அடுத்து அதைப் பறிக்கும் வாக்கியம் நிற்கிறது என்பது அவர் வாதம். பின்னர் வரைவுக் குழு, நியாயமான சட்ட நடைமுறை இன்றி எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்ற வாசகத்தை விடுத்து, ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்ற வாசகத்தை ஏற்றது. அதாவது சட்டமன்றம் எந்த நடைமுறையை எழுதினாலும் அது போதும். இதனால் எழுந்த எதிர்ப்பைக் கண்ட டாக்டர் அம்பேத்கர், ஈடுசெய்யும் முகமாக 1949 செப்டம்பரில் புதிய சரத்து ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவே இன்றைய 22ஆவது சரத்து. கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்தில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்கிறது அதன் முற்பகுதி. இவற்றில் எதுவும் தடுப்புக் காவலில் உள்ளவருக்குப் பொருந்தாது என்கிறது பிற்பகுதி. உரிமைகளின் அத்தியாயத்துக்குள்ளேயே விசாரணையற்ற சிறைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த அரசமைப்புச் சட்டம் உலகில் அரிதினும் அரிது.

அந்த இடத்தை நிரப்ப ஆட்சியாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கவில்லை. 1950 ஜனவரி 26 அன்று குடியரசு பிறந்தது. பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கம்யூனிஸ்டுகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரி 26 அன்று தடுப்புக் காவல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உள்துறை அமைச்சர் சர்தார் படேல் கொண்டுவந்த அந்தச் சட்டத்தின் முதல் இலக்கு கம்யூனிஸ்டுகளே. ஓராண்டு மட்டும் என்று சொல்லப்பட்ட அந்தச் சட்டம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 1969 டிசம்பர் 31 வரை இருபது ஆண்டுகள் வாழ்ந்தது. காங்கிரஸ் பிளவுபட்டு, இடதுசாரிகளின் ஆதரவில் ஆட்சி நிற்க வேண்டிய நிலை வந்தபோதுதான் அது காலாவதியாக விடப்பட்டது. 1971இல் மிசா வரும் வரையிலான ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் மத்தியில் அத்தகைய சட்டம் இல்லை. நாடு சிதறிப் போய்விடவும் இல்லை.

1947 டிசம்பரிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளில் அடைபட்டிருந்த ஏ.கே. கோபாலன் அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். புதிய நீதிமன்றத்தில் அடிப்படை உரிமைகள் குறித்து நடந்த முதல் பெருவழக்கு அது. எம்.கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும், 19, 21, 22 ஆகிய சரத்துகளைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது வாதம். 1950 மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் அதை நிராகரித்தார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் ஏற்றார். எனினும் அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவைப் பெரும்பான்மையினராலும் காப்பாற்ற முடியவில்லை. தன்னை எதற்காகச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கைதி நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்றது அந்தப் பிரிவு! கோபாலன் தரப்பின் வாதம் வெல்ல இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1970இல் வங்கி நாட்டுடைமை வழக்கும், 1978இல் மேனகா காந்தி வழக்கும் அன்றைய பெரும்பான்மைத் தீர்ப்பின் அடித்தளத்தைத் தகர்த்தன. உரிமை பற்றிய இன்றைய இந்தியச் சட்ட இயலின் பெரும்பகுதி, விசாரணையின்றிச் சிறையிலிருந்த ஒரு கம்யூனிஸ்டின் மனுவிலிருந்து கிளைத்தது.

வரம்புக்குட்பட்ட ஆட்சி என்பதை மேலைநாட்டுத் தாராளவாதிகளின் சரக்கு என்று ஒதுக்குவோர் இடதுசாரி அணிகளிலும் உண்டு. முதலாளித்துவ அரசு எழுதிய உரிமைகளால் சுரண்டல் ஒழியாது என்பது மெய். ஆனால் சங்கம் அமைத்தவர், நிலம் கேட்டவர், வேலைநிறுத்தம் செய்தவர்தாம் எப்போதும் இந்தச் சட்டங்களுக்கு முதல் பலி. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை உடைக்க மிசாவும் இந்தியப் பாதுகாப்பு விதிகளும் ஏவப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவசரநிலை பிறக்க அப்போது ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஆலை முதலாளிக்குச் சுதந்திரம் அவருடைய சொத்திலேயே இருக்கிறது. தொழிலாளிக்கு அது தாளில் எழுதப்பட்டு, நீதிமன்றத்தில் கேட்கக்கூடியதாக இருந்தால்தான் உண்டு.

தாளில் எழுதப்பட்டிருந்தும் கேட்க முடியாமல் போன நாளும் வந்தது. அவசரநிலையின்போது ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றன. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில், கூடாது என்றது. போலீஸ் அதிகாரி ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் நீதிமன்றத்தை அணுக முடியாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டபோது, இந்த வாதத்தின்படி முடியாதுதான் என்று அரசின் தலைமை வழக்கறிஞர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மாறுபட்ட அந்த ஒரே தீர்ப்பின் விலையாகக் கன்னா தலைமை நீதிபதி பதவியை இழந்தார். அவசரநிலையில் மிசாவிலும் பாதுகாப்பு விதிகளிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர் என்பதை ஷா ஆணையம் பின்னர் பதிவு செய்தது. 44ஆவது திருத்தம் இந்த அனுபவத்திலிருந்து எழுந்தது.

அதன் 3ஆவது பிரிவுக்கு நேர்ந்த கதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். திருத்தம் எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்பதை மத்திய அரசு அறிவிக்கும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள்கள் இருக்கலாம் என்று அச்சட்டத்தின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இருக்கும் சட்டங்களைப் புதிய நெறிக்கு ஏற்பத் திருத்த அவகாசம் தேவை என்பதற்கான சாதாரண ஏற்பாடு. 1979 ஜூன் 20 அன்று பெரும்பாலான பிரிவுகள் உயிர் பெற்றன. அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் ஆட்சி கவிழ்ந்தது. 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்தார். செப்டம்பரில் தேசியப் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது; டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று.

அந்த அவசரச் சட்டத்தின் கீழ்ச் சிறையில் தள்ளப்பட்டவர்களில் ஒருவர் தன்பாத் நாடாளுமன்ற உறுப்பினரும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தலைவருமான ஏ.கே. ராய். மார்க்சியவாதி. மீண்டும் ஒரு சிறைக்கொட்டடியிலிருந்து மீண்டும் ஒரு பெருவழக்கு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்பை மத்திய அரசு ஏன் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை, கொண்டுவருமாறு உத்தரவிடுங்கள் என்பது அதில் எழுந்த கேள்விகளில் ஒன்று. 1981 டிசம்பரில் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்தின் விருப்பத்தை நிரந்தரமாக முடக்கும் தடையதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குவது நாடாளுமன்றத்தின் எண்ணமாக இருந்திருக்க முடியாது என்று பெரும்பான்மையினரே சொன்னார்கள். சொல்லிவிட்டு, உத்தரவிட முடியாது என்று கைவிரித்தார்கள். நீதிபதி ஏ.சி. குப்தா இதிலிருந்து மாறுபட்டார்.

விளைவு என்ன? நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையுடன் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்பமிட்ட ஓர் அரசமைப்புத் திருத்தம், நிர்வாகத்தின் மௌனத்தால் செல்லாக்காசாகக் கிடக்கிறது. வரம்பு என்ற சொல் வயலிலிருந்து வந்தது. வரப்பின் உயரத்தை அண்டை வயல்காரனும் ஊரும் சேர்ந்து தீர்மானித்த பிறகு, தண்ணீரைப் பெருக்கி விடுகிறவனே ‘எனக்குத் தோன்றும்போது மண் போடுகிறேன்’ என்றால் எந்த ஊர் ஒப்பும்? அரசின் அதிகாரத்துக்கு இடப்பட்ட எல்லை எப்போது தொடங்கும் என்பதை அந்த அரசே தீர்மானிக்கிறது. எல்லை எப்போதுமே தொடங்காதிருப்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அவசரநிலையில் உரிமைகள் வெளிப்படையாக நிறுத்தி வைக்கப்பட்டன. அதற்கு ஓர் ஆணை தேவைப்பட்டது. இதற்கு ஆணையே தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்தவர்களின் பட்டியலில் காங்கிரஸ் மட்டும் இல்லை. மிசா கைதிகளாக இருந்த வாஜ்பாயும் அத்வானியும் 1998 முதல் 2004 வரை ஆட்சி நடத்தினார்கள். அவர்களும் அந்த அறிவிக்கையை வெளியிடவில்லை. ஐக்கிய முன்னணி அரசும், இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசும் வெளியிடவில்லை. காலனியக் காலத்துப் பழஞ்சட்டங்கள் ஆயிரத்துக்கு மேல் நீக்கிவிட்டதாக மார்தட்டும் மோடி அரசுக்கு, எல்லாவற்றிலும் பழைய காலனியக் கருவி மட்டும் பழையதாகத் தெரியவில்லை. காங்கிரசின் பாவங்களைப் பட்டியலிட்டு ஆண்டுதோறும் ஜூன் 25 அன்று கூட்டம் போடுகிறவர்கள், காங்கிரஸ் அரசு செய்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைத் தம் வலக்கையில் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கை எப்படி நீளுகிறது என்பதைச் சில நிகழ்வுகள் போதுமான அளவுக்குக் காட்டும். உத்தரப் பிரதேச மருத்துவர் கஃபீல் கான், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக அலிகாரில் பேசியதற்காகக் கைதானார். 2020 பிப்ரவரியில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. சிறைக் கதவு திறக்கும் முன்பே தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது செப்டம்பர் 1 அன்று. ஆறரை மாதம் அதற்குள் கழிந்துவிட்டது. கொரோனாவுக்குப் பசுஞ்சாணமும் கோமியமும் மருந்தல்ல என்று முகநூலில் எழுதிய மணிப்பூர் செயல்பாட்டாளர் எரெண்ட்ரோ லெய்சோம்பம் 2021 மே மாதம் அதே சட்டத்தில் அடைக்கப்பட்டார். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அன்று மாலைக்குள் விடுவிக்கச் சொன்னது. சாணத்தைப் பற்றிய அறிவியல் உண்மை தேசத்தின் பாதுகாப்புக்கு எப்படி ஊறு செய்கிறது என்பதை எந்த அரசும் விளக்கவில்லை. 2019 ஆகஸ்டுக்குப் பின் ஜம்மு காஷ்மீரில் முன்னாள் முதலமைச்சர்கள் மூவர்மீது பொதுப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. 2025 செப்டம்பரில் லடாக்குக்கு மாநிலத் தகுதியும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கோரிய சோனம் வாங்சுக், தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டு, ராஜஸ்தானின் ஜோத்பூர் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாதவரின் பாதை இப்படிச் செல்கிறது. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ ஆணையிடுகிறார். காரணங்கள் அடங்கிய கட்டு கைதியின் கைக்கு வருகிறது. மூன்று வாரத்துக்குள் விவகாரம் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். ஏழு வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கைதிக்கு இல்லை. படிப்பறிவு குன்றிய ஒரு தினக்கூலி, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். கழகம் ஒப்பினால் பன்னிரண்டு மாதம். ஒரு காரணம் பொய்த்தாலும் ஆணை முழுவதும் வீழும் என்று நீதிமன்றங்கள் வகுத்திருந்த பாதுகாப்பும் 1984இல் ஒரு திருத்தத்தால் பறிக்கப்பட்டது. எஞ்சிய காரணங்களின் பேரில் காவல் நிற்கும். ஆக, அந்தக் கழகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவரை யார் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் கைதியின் ஓராண்டு தொங்குகிறது. அறிவுரைக் கழகங்கள் முத்திரை குத்தும் இடங்களாக இருக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் தெலங்கானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் நினைவூட்ட வேண்டி வந்ததே, அவை பெரும்பாலும் என்னவாக இருக்கின்றன என்பதற்குச் சான்று.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 1982ஆம் ஆண்டின் ‘குண்டர் சட்டம்’ இதே 22ஆவது சரத்தின் நிழலில்தான் நிற்கிறது. கள்ளச்சாராயக்காரர்கள் உள்ளிட்டோருக்கென்று பிறந்து, திருத்தத்துக்கு மேல் திருத்தமாக வளர்ந்து, மாறி மாறி ஆண்ட இரு கட்சிகளாலும் தாராளமாகப் பயன்படுத்தப்படும் சட்டம் அது. வழக்கமான சட்டமே போதுமானதாக இருக்கும்போது தடுப்புக் காவலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது தமிழ்நாட்டிலிருந்து சென்ற ரேகா வழக்கில்தான். கேரளத்திலும் 2007இல், இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில், சமூக விரோதச் செயல் தடுப்புச் சட்டம் வந்தது. ஆட்சியில் அமர்ந்தவுடன் இந்தக் கருவி எந்தக் கைக்கும் வசதியாகப் பொருந்திவிடுகிறது. அதனால்தான் அதற்கு எல்லை வகுப்பதை, ஆள்பவரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது.

பயங்கரவாதமும் பிரிவினைவாதமும் நிலவும் நாட்டில் அரசின் கைகளைக் கட்டலாமா என்ற கேள்வி வழக்கம்போல எழும். 3ஆவது பிரிவு எந்தக் கையையும் கட்டவில்லை. பிடித்தவரைப் பற்றிய ஆவணங்களை மூன்று மாதத்துக்குப் பதில் இரண்டு மாதத்துக்குள், அரசு தேர்ந்தெடுக்காத நீதிபதிகளிடம் காட்டு என்கிறது. இதற்கே அஞ்சும் அரசு, பயங்கரவாதியைப் பற்றி அஞ்சவில்லை. தன் ஆவணங்களைப் பற்றித்தான் அஞ்சுகிறது.

3ஆவது பிரிவுக்கு நாள் குறிக்கும் அறிவிக்கையை மத்திய அரசு உடனே வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால், காரணத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் எழுத்துப்பூர்வமாகச் சொல்லட்டும். எதிர்க்கட்சிகள் இதை வரும் கூட்டத்தொடரிலேயே எழுப்ப வேண்டும். மாநில அரசுகள் அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 22ஆவது சரத்து வகுத்திருப்பது உச்சவரம்பே. தத்தம் சட்டங்களில் காலத்தை இரண்டு மாதமாகக் குறைக்கவும், தலைமை நீதிபதி பரிந்துரைக்கும் நீதிபதிகளைக் கொண்டு கழகம் அமைக்கவும், கைதிக்கு வழக்கறிஞரை அனுமதிக்கவும் மாநிலச் சட்டமன்றங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. பாஜகவின் எதேச்சதிகாரத்தை நாள்தோறும் கண்டிக்கும் கட்சிகள் ஆளும் மாநிலங்கள், சென்னையும் திருவனந்தபுரமும் உள்பட, இந்தத் திருத்தங்களைத் தங்கள் சட்டமன்றங்களில் முன்வைக்க தில்லியின் அரசிதழுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.